மாதத் தவணையா, ஓடியதற்கு மட்டுமா, டாப்-அப்பா? பிரிட்டனில் மின்சார, எரிவாயுக் கட்டணம் கட்டும் நான்கு வழிகள்

குளிர்காலம் முடிந்து மார்ச், ஏப்ரல் மாதங்கள் வரும்போதெல்லாம் லண்டனில் எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. மின்சாரமும் எரிவாயுவும் தரும் நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்திருக்கும். மாதம் 110 பவுண்டாக வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போய்க்கொண்டிருந்த டைரக்ட் டெபிட் அடுத்த மாதத்திலிருந்து 165 பவுண்டு என்று அதில் இருக்கும். ‘இதை நிறுத்திவிட்டு, வருகிற பில்லை அவ்வப்போது கட்டிவிடலாமா, டாப்-அப் செய்யும் மீட்டருக்கு மாறிவிடலாமா?’ என்று கேட்பார்கள். சிலர் கோபத்தில் வங்கிச் செயலியில் டைரக்ட் டெபிட்டை ரத்து செய்துவிட்ட பிறகுதான் கேட்கவே வருகிறார்கள்.

ஊரில் நாம் பழகிய முறை வேறு என்பதும் இந்தக் குழப்பத்திற்கு ஒரு காரணம். தமிழ்நாட்டில் மின்வாரியக் கணக்கெடுப்பாளர் இரண்டு மாதத்திற்கு ஒருமுறை வந்து மீட்டரைப் பார்ப்பார். இலங்கையில் மீட்டர் வாசிப்பவர் மாதாமாதம் வந்து பில்லைக் கொடுத்துவிட்டுப் போவார். இரண்டு இடத்திலும் ஓடிய யூனிட்டுக்குத்தான் பணம். பிரிட்டனில் பெரும்பாலோர் கட்டும் டைரக்ட் டெபிட்டோ, வரப்போகும் ஓராண்டில் எவ்வளவு ஓடும் என்று நிறுவனம் ஊகித்து, அந்தச் செலவைப் பன்னிரண்டாகப் பிரித்து எடுக்கும் தவணை. பில் அதற்குப் பக்கத்தில் தனியாக ஓடிக்கொண்டிருக்கும். தவணை ஏறினால் விலை ஏறிவிட்டது என்றும், தவணை குறைந்தால் மிச்சப்படுத்திவிட்டோம் என்றும் எண்ணுவதுதான் நான் மிக அதிகமாகப் பார்க்கும் தவறு.

இங்கே சொல்லப்படும் விதிகளும் எண்களும் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்துக்கு உரியவை. வட அயர்லாந்துக்குத் தனி ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறது. வழிகள் நான்கு: நிலையான மாதத் தவணை, ஓடியதற்கு மட்டும் எடுக்கும் டைரக்ட் டெபிட், பில் வந்தபின் கட்டுவது, முன்பணம் போட்டு ஓட்டும் பிரீபே (டாப்-அப்) மீட்டர்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் பார்க்க வேண்டியது ஓராண்டின் மொத்தச் செலவு. ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்ஜெம் 2019 ஜனவரி முதல் ஒரு விலைவரம்பை வைத்திருக்கிறது. அது ஒரு யூனிட்டின் விலைக்கும், ஸ்டாண்டிங் சார்ஜ் எனப்படும் நாள் கட்டணத்திற்கும் வைக்கப்படும் வரம்பு. உங்கள் மொத்தப் பில்லுக்கான உச்சவரம்பு என்று அதைப் படித்துவிடக் கூடாது. ஆண்டுக்கு 2,700 யூனிட் (கிலோவாட் மணி) மின்சாரமும் 11,500 யூனிட் எரிவாயுவும் செலவழிக்கும் ஒரு சராசரி வீட்டுக்கு, 2024 அக்டோபர்–டிசம்பர் காலாண்டு விலையில், டைரக்ட் டெபிட்டில் கட்டினால் 1,717 பவுண்டு, பில் வந்தபின் கட்டினால் 1,829 பவுண்டு, பிரீபே மீட்டரில் 1,669 பவுண்டு. எண்கள் மூன்று மாதத்திற்கு ஒருமுறை மாறுகின்றன. ஆனால் 2025ஆம் ஆண்டின் காலாண்டுகளிலும் இந்த வரிசை மாறவில்லை.

இரண்டாவது, பணம் யார் கையில் தங்குகிறது என்பது. கோடையில் நீங்கள் கூடுதலாகக் கட்டிய 200 பவுண்டு உங்கள் சேமிப்பில் இருக்கிறதா, நிறுவனத்தின் கணக்கில் இருக்கிறதா என்பது, மாதக் கடைசியில் வங்கிக் கணக்கு காலியாகிவிடும் குடும்பத்திற்குச் சிறிய விஷயமில்லை.

மூன்றாவது, குளிர்காலத்தைத் தாங்கும் திறன். மேலே சொன்ன சராசரி வீட்டுக்கு அதே காலாண்டின் விலையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எரிவாயுவில் வீட்டைச் சூடாக்குபவர்களுக்கு ஜனவரியில் மட்டும் 200 பவுண்டை ஒட்டி ஆகும். ஜூலையில் 100 பவுண்டுக்குக் கீழே இறங்கிவிடும். இந்த ஏற்ற இறக்கத்தை யார் சுமப்பது என்பதில்தான் நான்கு வழிகளும் உண்மையில் வேறுபடுகின்றன.

நான்காவதாக, மீட்டர் எண் தவறாகப் பதிவானால் அது எவ்வளவு சீக்கிரம் கண்ணில் படும், அதற்குள் எவ்வளவு பணம் போயிருக்கும் என்பது. விலையை ஒப்பிடும் பலர் இதைப் பார்ப்பதே இல்லை. என் அனுபவத்தில் மற்ற மூன்றையும்விடப் பெரிய வலி இங்கிருந்துதான் வந்தது.

| | நிலையான தவணை | ஓடியதற்கு மட்டும் | பில் வந்தபின் | பிரீபே |
|---|---|---|---|---|
| சராசரி ஆண்டுச் செலவு (2024 அக்.–டிச. விலை) | £1,717 | £1,717 | £1,829 | £1,669 |
| குளிர்காலச் சுமை | மாதம் £143 | ஜனவரியில் £200 அளவில் | காலாண்டு பில் என்றால் ஒரே முறையில் £600 அளவில் | ஜனவரியில் £200 அளவில், சிறு சிறு தொகையாக |
| கோடை மிச்சம் | நிறுவனத்திடம் | உங்களிடம் | உங்களிடம் | உங்களிடம் |
| தவறான மீட்டர் எண் | பல மாதம் மறைந்திருக்கலாம் | அடுத்த பில்லிலேயே தெரியும், பணமும் போகும் | பணம் போகுமுன் தெரியும் | அரிது |

## நிலையான மாதத் தவணை

மிகப் பெரும்பாலோர் இருப்பது இதில்தான், குழப்பங்களும் இதில்தான் அதிகம் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

நிறுவனம் மூன்று எண்களை வைத்துத் தவணையைப் போடுகிறது: அடுத்த 12 மாதத்தில் எவ்வளவு ஓடும் என்ற ஊகம், இன்றைய அல்லது எதிர்பார்க்கும் விலை, உங்கள் கணக்கில் இப்போது இருக்கும் பாக்கி அல்லது மிச்சம். ஆகவே மறுபரிசீலனை எந்த மாதத்தில் நடக்கிறது என்பதே தொகையை மாற்றக்கூடும். பிப்ரவரியில், குளிர்காலச் செலவெல்லாம் கணக்கில் ஏறிய வேளையில் பார்த்தால், பாக்கி இருப்பதுபோல் தோன்றித் தவணை ஏறும். அதே வீட்டைச் செப்டம்பரில் பார்த்தால் மிச்சம் தெரியும். தொகையை உயர்த்தும் கடிதம் வந்தால் நான் நண்பர்களிடம் சொல்வது, இந்த மூன்றையும் தனித்தனியாக எழுதிக் கேளுங்கள் என்பதுதான். ஏறியதில் எவ்வளவு விலையால், எவ்வளவு ஊகத்தால், எவ்வளவு பழைய பாக்கியால்? கிடைக்கும் தகவல்களில் சிறந்ததும் அண்மையதுமானதை வைத்தே தவணையைக் கணிக்க வேண்டும் என்பது ஆஃப்ஜெம் உரிமத்தின் நிபந்தனை. எனவே இது நீங்கள் உரிமையோடு கேட்கக்கூடிய கேள்வி.

கணக்கில் எவ்வளவு மிச்சம் இருப்பது நியாயம்? மாதம் 143 பவுண்டு கட்டும் அந்தச் சராசரி வீட்டில், மே முதல் செப்டம்பர் வரை மாதத்திற்கு ஏறத்தாழ 45 பவுண்டு சேர்ந்துகொண்டே வரும். செப்டம்பர் இறுதியில் 200 முதல் 250 பவுண்டு, அதாவது ஒன்றரை மாதத் தவணை அளவுக்கு மிச்சம் இருந்தால் அது குளிர்காலத்திற்கு வேண்டிய பணம். அதைத் திரும்பக் கேட்டு வாங்கினால் பிப்ரவரியில் பாக்கி நிற்கும். ஏப்ரல் முடிவில் அந்த மிச்சம் சுழியை ஒட்டி வந்திருக்க வேண்டும். மே மாதத்தில் 400 பவுண்டு மிச்சம் காட்டினால் உங்களிடம் கூடுதலாக வாங்கியிருக்கிறார்கள். மீட்டர் எண்ணைக் கொடுத்துவிட்டு, பணத்தைத் திருப்பித் தரும்படியும் தவணையைக் குறைக்கும்படியும் கேட்கலாம். நியாயமான காரணம் இருந்தாலொழிய அவர்கள் மறுக்க முடியாது.

நிறுவனம் திவாலானால் மிச்சம் போய்விடுமோ என்ற அச்சம் 2021இல் பலருக்கு வந்தது. மொத்தச் சந்தை விலை ஏறியதால் அந்த ஆண்டின் பிற்பகுதியில் சிறு நிறுவனங்கள் வரிசையாக விழுந்தன. 15 இலட்சத்திற்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களைக் கொண்டிருந்த பல்ப் நிறுவனம் நவம்பரில் சிறப்பு நிர்வாகத்தின் கீழ் போனது. விழுந்த சிறு நிறுவனங்களின் வீட்டு வாடிக்கையாளர்களை ஆஃப்ஜெம் வேறு நிறுவனங்களுக்கு மாற்றியது, அவர்களுடைய மிச்சமும் காக்கப்பட்டது. ஆனால் அந்த ஏற்பாட்டின் செலவு 2022 ஏப்ரல் முதல் எல்லோருடைய ஸ்டாண்டிங் சார்ஜிலும் ஏறியது.

இந்த முறையின் மறைவான விலையை நான் என் வீட்டிலேயே கொடுத்தேன். புது வீட்டுக்குக் குடிபோன சில மாதங்களில் 96 பவுண்டாக இருந்த தவணையை 210 பவுண்டாக்கி மின்னஞ்சல் வந்தது. குளிர் அதிகம், குழந்தை வீட்டில் இருக்கிறது, ஆகியிருக்கும் என்று நாங்களே நம்பி இரண்டு மாதம் கட்டினோம். பிறகுதான் பில்லின் இரண்டாம் பக்கத்தைப் படித்தேன். எங்கள் எரிவாயு மீட்டர் கன மீட்டரில் அளப்பது; நிறுவனத்தின் பதிவேட்டிலோ அது நூறு கன அடியில் அளக்கும் பழைய மீட்டர் என்று இருந்தது. கன அடி மீட்டரின் எண்ணை 2.83ஆல் பெருக்கித்தான் கன மீட்டராக்குவார்கள். எங்களுடையதையும் அப்படியே பெருக்கியிருந்தார்கள். எரித்த வாயுவைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்குக்குக் கட்டணம்! மீட்டரின் முகப்பில் கன மீட்டர் குறி தெரியும்படி படமெடுத்து, எழுத்தில் முறையீடு கொடுத்து, ஆறாவது வாரத்தில்தான் எல்லாப் பில்களும் திருத்தி வந்தன. தவணை 99 பவுண்டுக்குத் திரும்பியது.

ஒவ்வொரு மாதமும் ஒரே தொகை போய்க்கொண்டிருக்கும்போது பில்லைத் திறந்து பார்க்கும் பழக்கம் விட்டுப்போகிறது. தவறு அங்கேதான் உட்கார்ந்திருக்கும். பில்லில் மீட்டர் எண்ணுக்குப் பக்கத்தில் ‘ஊகம்’ என்று குறித்திருக்கிறதா, ‘உண்மையானது’ என்றா, ‘வாடிக்கையாளர் கொடுத்தது’ என்றா என்பதைப் பாருங்கள். எரிவாயுவுக்குக் கணக்கைச் சரிபார்க்க ஒரு எளிய வழி: கன மீட்டரில் ஓடியதை 11ஆல் பெருக்கினால் யூனிட் கணக்கு கிட்டத்தட்ட வந்துவிடும், பில்லில் அதைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கும். பில்லில் அதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு இருந்தால் உடனே எழுதுங்கள். அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் பில்லில் அச்சிட்டிருக்கும் மீட்டரின் வரிசை எண்ணும் தங்கள் மீட்டரில் இருப்பதும் ஒன்றுதானா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். பக்கத்து வீட்டு மீட்டருக்கு ஆண்டுக்கணக்கில் பணம் கட்டியவர்கள் இருக்கிறார்கள்.

யாருக்கு இது ஏற்றது? மாதச் சம்பளம் ஒரே அளவில் வந்து, வாடகைக்கும் பள்ளிச் செலவுக்கும் போனபின் கையில் அதிகம் மிஞ்சாத குடும்பத்திற்கு இதுதான் பொருந்தும். ஜனவரியில் 60 பவுண்டு கூடுதலாகத் தேட வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் கடிதப் போக்குவரத்து வைக்கத் தயங்கும் வயதான பெற்றோர் தனியாக இருக்கும் வீட்டுக்கும், எண்ணைத் தானே நிறுவனத்திற்கு அனுப்பும் ஸ்மார்ட் மீட்டர் ஒழுங்காக வேலை செய்கிறது என்றால், இதையே பரிந்துரைப்பேன்; பில்லை மட்டும் பிள்ளைகளின் மின்னஞ்சலுக்கும் வரும்படி செய்துவிட வேண்டும்.

## ஓடியதற்கு மட்டும் எடுக்கும் டைரக்ட் டெபிட்

இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. பில் மாதாமாதம் வரும். அதில் உள்ள தொகை முழுவதும், ஒரு பென்ஸ் கூடாமல் குறையாமல், வங்கியிலிருந்து தானாகப் போகும். மலிவான டைரக்ட் டெபிட் விலையே இதற்கும் உண்டு. எல்லா நிறுவனங்களும் தருவதில்லை, தருபவர்களும் முன்வந்து சொல்வதில்லை, கேட்க வேண்டும்.

ஊரில் நாம் பழகிய ‘ஓடியதற்குப் பணம்’ என்பதற்கு மிக அருகில் வருவது இது. மிச்சம் நிறுவனத்திடம் சேராது, பாக்கியும் சேராது, தவணையை ஏற்றும் கடிதமும் வராது. வெப்பத்தை ஒரு பாகை குறைத்தால் அடுத்த மாதமே கையில் தெரிகிறது என்பது, சிக்கனம் பழக விரும்பும் வீட்டுக்குப் பெரிய ஊக்கம்.

இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. மீட்டர் எண் உண்மையானதாக இருக்க வேண்டும்: ஸ்மார்ட் மீட்டர் நிறுவனத்தோடு தொடர்பில் இருக்க வேண்டும், இல்லையென்றால் மாதம் தவறாமல் நீங்களே எண்ணை அனுப்ப வேண்டும். ஊக எண்ணில் பில் போட்டு, அந்த ஊகத் தொகையை முழுதாக எடுத்தால், இரண்டு முறைகளின் தீமையும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். அடுத்து, கோடையில் மிஞ்சுவதை எடுத்து வைக்கும் பழக்கம் வேண்டும். ஜனவரி பில் வரும் நாளில் கணக்கில் பணம் இல்லாமல் ஓவர்டிராஃப்டில் போனால், பல வங்கிகளின் ஆண்டு வட்டி 40 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. டைரக்ட் டெபிட் திரும்பிவிட்டால் வங்கி தனிக் கட்டணமும் போடலாம்.

தவறான பெரும் பில் வந்தால் என்ன செய்வது? டைரக்ட் டெபிட் உத்தரவாதத்தின்படி, தொகையோ தேதியோ மாறினால் முன்னறிவிப்புத் தர வேண்டும், வழக்கமாக 10 வேலை நாள். எடுப்பதில் பிழை நேர்ந்தால் வங்கியே உடனடியாக முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். ஆனால் பில் சரியா தவறா என்ற வழக்கை வங்கி தீர்க்காது. வங்கி பணத்தைத் திருப்பித் தந்தாலும் நிறுவனத்தின் ஏட்டில் அது பாக்கியாகவே நிற்கும். ஆகவே முன்னறிவிப்பு வந்த நாளிலேயே நிறுவனத்திடம் முறையிடுவதுதான் பயன் தரும்.

இரண்டு மாதச் செலவுக்காவது சேமிப்பு இருக்கும் வீடுகளுக்கு, என் கணிப்பில், நான்கிலும் நல்லது இதுதான். எங்கள் வீட்டில் அந்த எரிவாயுக் குளறுபடிக்குப் பிறகு இதற்கே மாறினோம்.

## பில் வந்தபின் கட்டுவது

சராசரி வீட்டுக்கு ஆண்டுக்கு 112 பவுண்டு கூடுதல் என்பதே இதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில் பாதி. தாமதமாக வரும் பணத்தின் செலவும் வராமலே போகும் பணத்தின் செலவும் இந்த விலையில் சேர்ந்திருக்கின்றன.

ஆனாலும் ஒரு நிலைமையில் அந்தக் கூடுதல் தகும்: பில்லைப் பற்றி நிறுவனத்தோடு உண்மையான தகராறு நடந்துகொண்டிருக்கும்போது. உங்கள் ஒப்புதல் இல்லாமல் பணம் போகாது; சரியென்று நீங்கள் கணக்கிட்ட தொகையைக் கட்டிவிட்டு, தகராறில் இருப்பதை மட்டும் எழுத்தில் நிறுத்தி வைக்கலாம். ஆறு மாதம் இப்படி இருந்தால் ஏறத்தாழ 56 பவுண்டு போகும். ஆயிரக்கணக்கில் தவறான பில் வந்தவருக்கு அது நியாயமான காப்புச் செலவு. தகராறு தீர்ந்ததும் திரும்பிவிட வேண்டும். வாடகைக்கார் ஓட்டுபவர்களைப்போல வருமானம் எந்த நாளில் வரும் என்று தெரியாதவர்களில் சிலர் இதை விரும்புகிறார்கள். அவர்களுக்கும் தேதியைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் டைரக்ட் டெபிட் பெரும்பாலும் போதும்.

## பிரீபே மீட்டர்

முன்பெல்லாம் இதுதான் ஏழைகளிடம் அதிகம் வாங்கும் வழியாக இருந்தது. அதனால் இன்றும் ‘டாப்-அப் மீட்டர் விலை கூட’ என்றே பலர் நம்புகிறார்கள். 2023 ஜூலையில் அரசின் உதவியாலும், 2024 ஏப்ரல் முதல் ஆஃப்ஜெம் ஸ்டாண்டிங் சார்ஜைச் சமப்படுத்தியதாலும் அந்த நிலை மாறிவிட்டது. அட்டவணையில் பார்த்ததுபோல் இப்போது சற்றே மலிவு.

மறைவான செலவுகள் வேறு இடத்தில் இருக்கின்றன. விலைவரம்புக்குக் கீழே வரும் மலிவான ஒப்பந்தங்கள் பெரும்பாலும் டைரக்ட் டெபிட்காரர்களுக்கே கிடைக்கின்றன. கோடையில் எரிவாயு வேண்டாம் என்று டாப்-அப் செய்யாமல் விட்டால், ஸ்டாண்டிங் சார்ஜ் மட்டும் நாள்தோறும் ஏறிக்கொண்டே போய், அக்டோபரில் போடும் முதல் 20, 30 பவுண்டை அதுவே விழுங்கிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, பணம் தீர்ந்தால் வீடு குளிர்ந்துவிடும். அவசரக் கடன் உண்டு, இரவிலும் வார இறுதியிலும் துண்டிக்காத நேரமும் உண்டு. இருந்தாலும் கைக்குழந்தையோ நோயாளியோ முதியவரோ இருக்கும் வீட்டில், டைரக்ட் டெபிட்டுக்கு வழி இருக்கும்போது, இந்த ஆபத்தை ஏற்க வேண்டாம் என்றே சொல்வேன். கடன் வசூல் முகவர்கள் வீடு புகுந்து பிரீபே மீட்டராக மாற்றியது வெளிவந்த பிறகு, 2023 பிப்ரவரியில் கட்டாயமாகப் பொருத்துவது நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் வந்த விதிகள், 2 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை உள்ள வீடுகளுக்கும், துணையில்லாமல் வாழும் 75 வயது கடந்தவர்களுக்கும் கட்டாயமாகப் பொருத்தக் கூடாது என்கின்றன.

படிக்க வந்து வீட்டைப் பகிர்ந்து வாழும் மாணவர்களுக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. யார் பெயரிலும் பெரிய பாக்கி விழாது, போகும்போது கணக்கு முடிக்கும் அலைச்சல் இல்லை. ஒன்றை மட்டும் செய்துவிட வேண்டும்: குடிபோன அன்றே நிறுவனத்தை அழைத்து உங்கள் பெயரைப் பதிந்து, பழைய குடியிருப்பாளரின் கடன் மீட்டரில் இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் மேசையில் வைத்துவிட்டுப் போன பழைய மீட்டர் சாவியிலோ அட்டையிலோ டாப்-அப் செய்தால், யாரோ வைத்துவிட்டுப் போன கடனை நீங்கள் வாரந்தோறும் அடைப்பீர்கள்.

## மாறுவதற்கு முன்

எந்த முறையில் இருந்தாலும் பொருந்தும் இரண்டு பாதுகாப்புகள் உண்டு. உங்கள் பிழை இல்லாமல் பில் போடாமல் விட்டிருந்தால், 12 மாதத்திற்கு முன் செலவான மின்சாரத்திற்கோ எரிவாயுவுக்கோ நிறுவனம் இப்போது பணம் கேட்க முடியாது. 2018 மே முதல் இது விதி. முறையீடு கொடுத்து எட்டு வாரம் ஆகியும் தீரவில்லை என்றால், அல்லது இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று அவர்களே கடிதம் கொடுத்துவிட்டால், எனர்ஜி ஆம்புட்ஸ்மன் என்ற நடுநிலைக் குறைதீர் அமைப்பிடம் கட்டணமின்றிப் போகலாம். அதன் முடிவை நீங்கள் ஏற்றுக்கொண்டால் அது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். எட்டு வாரம் எந்த நாளிலிருந்து என்ற பேச்சு எழாதபடி, தொலைபேசியில் சொன்னதை அன்றே மின்னஞ்சலிலும் ‘இது முறையீடு’ என்ற சொல்லோடு அனுப்பிவிடுங்கள்.

முறையை மாற்றுவதானால் வங்கியில் தொடங்காதீர்கள். டைரக்ட் டெபிட்டை அங்கே ரத்து செய்தால் பல நிறுவனங்கள் உங்களைப் பில் வந்தபின் கட்டுபவராகக் கருதி, கூடுதல் விலைக்கு மாற்றிவிடும். கணக்கில் பாக்கி இருந்தால் கடன் வசூல் கடிதங்களும் தொடங்கும். முதலில் இரண்டு மீட்டர்களையும் எண்ணும் வரிசை எண்ணும் தெரியும்படி படமெடுத்து, அந்த எண்ணை நிறுவனத்திற்கு அனுப்பி, அன்றைய தேதிக்கு உண்மையான பில்லை வாங்குங்கள். அதில் மிச்சமா பாக்கியா என்று தெரிந்த பிறகு, மிச்சமென்றால் திருப்பித் தரவும், பாக்கியென்றால் மாதங்களாகப் பிரிக்கவும் கேட்டு, புதிய முறை தொடங்கும் தேதியை எழுத்தில் பெறுங்கள். ஓடியதற்கு மட்டும் எடுக்கும் முறைக்கு மாறுவதை ஏப்ரல், மே மாதங்களில் வைத்துக்கொண்டால் முதல் சில பில்கள் சிறியவையாக இருக்கும். பழைய தவணைக்கும் புதிய பில்லுக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த மாதங்களிலேயே தனிக் கணக்கில் போட்டுவந்தால், டிசம்பர் பில் வரும்போது அதற்கான பணம் அங்கே இருக்கும்.